இன அடிப்படையிலான சலுகை பற்றி வாசகர் வட்டத்தில் எந்த நூலை எடுக்கலாம்?

வைகைக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். படிக்க வேண்டும் என்று பல காலமாக ஒதுக்கி வைத்திருந்த நூல்களை இந்தக் கோடையில்தான் ஒருவாறு முடித்தேன். அவற்றில் பெரும்பாலானவை அமெரிக்காவின் நிறவெறி வரலாற்றைச் சார்ந்தவையாக அமைந்துவிட்டன. எங்கள் ஊரில் மாதம் ஒருமுறை கூடும் வாசகர் வட்டத்துக்கு அடுத்த நூலைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்திருப்பதால், படித்தவற்றைப் பற்றி நான் நினைப்பதைச் சொல்லி, உங்கள் கருத்தையும் கேட்கலாம் என்று எழுதுகிறேன்.

முதலில் படித்தது இசபெல் வில்கர்சன் 2010இல் வெளியிட்ட 'தி வார்ம்த் ஆஃப் அதர் சன்ஸ்'. ஏறத்தாழ 1915 முதல் 1970 வரை அமெரிக்கத் தென்மாநிலங்களை விட்டு வடக்கிலும் மேற்கிலும் உள்ள நகரங்களுக்குக் குடிபெயர்ந்த சுமார் 60 லட்சம் கறுப்பின மக்களின் வரலாற்றை, மூன்று தனிமனிதர்களின் வாழ்க்கையைப் பின்தொடர்ந்து அது சொல்கிறது. அவர்களில் ஒருவர் ராபர்ட் ஃபாஸ்டர் என்ற மருத்துவர். ராணுவத்தில் அறுவைச் சிகிச்சை மருத்துவராகப் பணியாற்றியவர். 1953இல் லூசியானாவிலிருந்து கலிஃபோர்னியாவுக்குத் தனியாகக் காரோட்டிச் செல்லும் அவர், அரிசோனாவில் இரவு தங்குவதற்காக விடுதி விடுதியாக ஏறி இறங்குகிறார். எங்கும் அறை கிடைக்கவில்லை. கடைசியில் ஒரு விடுதியை நடத்தும் தம்பதி கலந்து பேசிவிட்டு, தாங்கள் இல்லினாய்ஸிலிருந்து வந்தவர்கள் என்றும், இந்தப் பகுதி மக்களின் எண்ணம் தங்களுக்கு இல்லை என்றும், ஆனால் அவருக்கு இடம் கொடுத்தால் மற்ற விடுதிக்காரர்கள் தங்களை ஒதுக்கிவிடுவார்கள் என்றும் சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். அந்தத் தம்பதிக்கு அவர்மீது எந்த வெறுப்பும் இல்லை. ஆனாலும் அவர் உறக்கமில்லாமல் இருட்டில் மேற்கொண்டு காரோட்ட வேண்டியதாயிற்று.

அந்தக் காட்சி மனத்தை விட்டு நீங்காத நிலையில்தான் ராபின் டிஆஞ்சலோவின் 'வொயிட் ஃப்ரஜிலிட்டி'யைக் கையில் எடுத்தேன். 2018இல் வெளிவந்த இந்த நூல், 2020 மே 25 அன்று மினியாபொலிஸில் ஜார்ஜ் ஃப்ளாய்ட் என்ற கறுப்பினத்தவர் காவலரால் கொல்லப்பட்ட பிறகு, மீண்டும் விற்பனைப் பட்டியலின் உச்சிக்குச் சென்றது. அலுவலகங்களில் இனவேறுபாடு பற்றிப் பயிற்சி வகுப்புகள் நடத்திய அனுபவத்திலிருந்து ஆசிரியர் எழுதுகிறார். நிறத்தால் தமக்குக் கிடைக்கும் சலுகையைப் பற்றிப் பேச்செடுத்தாலே வெள்ளையர்கள் கோபப்படுகிறார்கள், கண்ணீர் விடுகிறார்கள், வாயடைத்துப் போகிறார்கள், அல்லது எழுந்து போய்விடுகிறார்கள் என்றும், இந்தப் பதற்றமே அந்தச் சலுகைக்கு அரணாக நிற்கிறது என்றும் அவர் வாதிடுகிறார். இனவெறி என்பது கெட்ட மனிதர்களின் குணம் என்று எண்ணிக்கொண்டால், தன்னை நல்லவராகக் கருதும் ஒவ்வொருவரும் அதில் தனக்குச் சம்பந்தமில்லை என்று விலகிக்கொள்வார்கள் என்று அவர் சொல்லும் இடம் என்னைப் பிடித்து நிறுத்தியது. இல்லினாய்ஸ் தம்பதியை அது அப்படியே விளக்கிவிடுகிறது.

ஆனால் நூலை முடித்தபோது எனக்கு நிறைவு ஏற்படவில்லை. பக்கத்துக்குப் பக்கம் வெள்ளை வாசகரின் உள்மனம்தான் பேசுபொருளாக இருக்கிறதே தவிர, அந்தச் சலுகை எங்கே உற்பத்தியானது, எந்தச் சட்டத்தின் வழியாக எந்தக் கைக்குப் போய்ச் சேர்ந்தது, அதை எப்படித் திருத்துவது என்பவை பெரும்பாலும் வெளியிலேயே நிற்கின்றன. மொழியியலாளர் ஜான் மெக்வோர்ட்டர் 2020 ஜூலையில் 'தி அட்லாண்டிக்' இதழில் இந்த நூலைக் கடுமையாக விமர்சித்து, இது கறுப்பினத்தவரைக் குழந்தைகளைப் போல நடத்துகிறது என்று எழுதினார். அவருடைய எல்லா வாதங்களும் எனக்கு உடன்பாடில்லை. இந்த ஒன்றை மறுக்க முடியவில்லை.

எங்கள் வட்டத்தில் ஆசிரியர்கள், கல்லூரி மாணவர்கள், ஓய்வு பெற்றவர்கள் எனப் பலரும் இருக்கிறார்கள். ஆங்கில நூலை நிதானமாகப் படித்துவிடுவார்கள். இந்தப் பொருளில் ஒரே ஒரு நூலைத்தான் எடுக்க முடியும் என்றால் நீங்கள் எதைச் சொல்வீர்கள்? டிஆஞ்சலோவிலிருந்தே தொடங்குவது சரியாக இருக்குமா?


கடன்பிரிவு எழுதியது:

வைகைக்கரை அவர்களுக்கு வணக்கம். வங்கியின் வீட்டுக் கடன் பிரிவில் நெடுங்காலம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். என் பரிந்துரை ரிச்சர்ட் ராத்ஸ்டீன் 2017இல் வெளியிட்ட 'தி கலர் ஆஃப் லா'. நீங்கள் கேட்கும் கேள்விக்கு, அதாவது சலுகை எங்கே உற்பத்தியானது என்பதற்கு, அது ஆவணங்களை மேசைமேல் வைத்துப் பதில் சொல்கிறது.

எங்கள் தொழிலில் ஒரு வீட்டுக் கடன் விண்ணப்பம் வந்தால் மூலப் பத்திரத்தைப் பார்ப்போம், வில்லங்கச் சான்றைப் பார்ப்போம், மதிப்பீட்டாளரின் அறிக்கையையும் வருமானத்துக்கான சான்றையும் பார்ப்போம். அமெரிக்காவில் 1930களிலிருந்து இவற்றோடு இன்னொன்றையும் பார்த்தார்கள்: பக்கத்து வீட்டில் வசிப்பவரின் நிறம். 1933இல், தவணை கட்ட முடியாமல் வீட்டை இழக்கவிருந்தவர்களைக் காப்பாற்றுவதற்காக ரூஸ்வெல்ட் அரசு வீட்டுடைமையாளர் கடன் கழகத்தைத் தொடங்கியது. அந்தக் கழகம் 200க்கும் மேற்பட்ட நகரங்களுக்கு வரைபடம் தயாரித்து, கடன் கொடுக்கப் பாதுகாப்பான பகுதிகளுக்குப் பச்சையும் அடுத்தடுத்த நிலைகளுக்கு நீலமும் மஞ்சளும் ஆபத்தான பகுதிகளுக்குச் சிவப்பும் தீட்டியது. கறுப்பினத்தவர் வாழும் பகுதி என்றால், அது நடுத்தர வர்க்கத்தினர் சொந்த வீடு கட்டிக் கௌரவமாக வாழும் தெருவாக இருந்தாலும் சிவப்புதான். 1934இல் உருவான கூட்டரசு வீட்டுவசதி நிர்வாகம் வங்கிக் கடன்களுக்கு அரசின் உத்தரவாதத்தை அளித்தது. சாதாரணச் சம்பளக்காரர் நீண்ட காலத் தவணையில் வீடு வாங்க முடிந்ததே அந்த உத்தரவாதத்தால்தான். அந்த நிர்வாகம் மதிப்பீட்டாளர்களுக்காக அச்சிட்ட கையேட்டில், இனக்கலப்பு இல்லாத பகுதிக்கு உயர்ந்த மதிப்பு கொடுக்க வேண்டும் என்று எழுத்திலேயே வைத்திருந்தார்கள். மதிப்பீட்டாளரின் கையெழுத்துக்கு ஒரு வீட்டின்மேல் எவ்வளவு அதிகாரம் உண்டு என்பது எனக்குத் தெரியும் என்பதால், அந்தப் பகுதியைப் படிக்கும்போது எனக்கு நெஞ்சு பொறுக்கவில்லை.

இதற்கு டெட்ராய்ட்டில் நடந்தது ஒரு சான்று. 1941இல் ஒரு கட்டுமான நிறுவனர், வெள்ளையருக்கான குடியிருப்பு ஒன்றைக் கட்ட முயன்றார். பக்கத்தில் கறுப்பினத்தவர் பகுதி இருக்கிறது என்பதால் அரசின் உத்தரவாதம் மறுக்கப்பட்டது. அவர் இரண்டுக்கும் நடுவே ஆறு அடி உயரத்தில் அரை மைல் நீளத்துக்குக் கான்கிரீட் சுவர் எழுப்பினார். உடனே உத்தரவாதம் கிடைத்துவிட்டது. அந்தச் சுவர் இன்றும் நிற்கிறது.

நல்லெண்ணம் கொண்டவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதற்கும் இதே நூலில் ஒரு நிகழ்ச்சி வருகிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, நாவலாசிரியர் வாலஸ் ஸ்டெக்னர் உள்ளிட்டோர் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்துக்கு அருகே ஒரு கூட்டுறவுச் சங்கம் அமைத்து, வீடு கட்டுவதற்காக நிலமும் வாங்கிவிட்டார்கள். ஏறத்தாழ 150 குடும்பங்களில் மூன்று குடும்பங்கள் கறுப்பினத்தவருடையவை. அந்த மூன்று குடும்பங்கள் இருக்கும்வரை உத்தரவாதம் கிடையாது என்று அரசு சொல்லிவிட்டது. உத்தரவாதம் இல்லாமல் எந்த வங்கியும் கடன் தராது. சங்கம் கலைந்தது, நிலம் ஒரு தனியார் கட்டுமான நிறுவனத்துக்குப் போனது, கறுப்பினத்தவருக்கு விற்கக் கூடாது என்ற நிபந்தனையோடு அங்கே வீடுகள் எழுந்தன. ஸ்டெக்னரும் நண்பர்களும் எந்தப் பயிற்சி வகுப்புக்கும் போக வேண்டிய தேவை இல்லாதவர்கள் என்பதைக் கவனியுங்கள்.

நியூயார்க்கை அடுத்த லாங் ஐலண்டில் 1947இலிருந்து எழுந்த லெவிட்டவுன் இதன் மறுபக்கம். 17,000க்கும் மேற்பட்ட வீடுகள் கொண்ட அந்தக் குடியிருப்பில், போரிலிருந்து திரும்பிய வெள்ளை ராணுவ வீரர் முன்பணம் இல்லாமலேயே வீடு பெற முடிந்தது. தொடக்க கால ஒப்பந்தத்தில், காக்கேசிய இனத்தை, அதாவது வெள்ளையினத்தை, சேராதவர் அந்த வீட்டில் குடியிருக்கக் கூடாது என்று தெளிவாக எழுதியிருந்தார்கள். சுமார் 8,000 டாலருக்கு வாங்கிய அந்த வீடுகள் பல லட்சம் டாலர் பெறுமானமாக வளர்ந்தன. பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணம், பேரப்பிள்ளைகள் வீடு வாங்கும்போது கட்டிய முன்பணம், வயதான காலத்து மருத்துவச் செலவு என அந்தப் பெறுமானம்தான் குடும்பத்தில் இறங்கிக்கொண்டே வந்தது.

அதே காலத்தில் கறுப்பினத்தவர் எப்படி வீடு வாங்கினார்கள் என்று தெரிந்துகொள்ள, டா-நெஹிசி கோட்ஸ் 2014இல் எழுதிய 'தி கேஸ் ஃபார் ரெப்பரேஷன்ஸ்' என்ற நீண்ட கட்டுரையையும் படியுங்கள். 1961இல் சிகாகோவில் கிளைட் ராஸ் என்பவர் 27,500 டாலருக்கு வாங்கிய வீட்டை, அவருக்கு விற்ற இடைத்தரகர் ஆறு மாதம் முன்புதான் 12,000 டாலருக்கு வாங்கியிருந்தார். ராஸுக்குக் கிடைத்தது வங்கிக் கடன் அன்று, தவணை ஒப்பந்தம். முழுத் தொகையும் கட்டி முடிக்கும்வரை பத்திரம் விற்றவரிடமே இருக்கும். ஒரே ஒரு தவணை தவறினாலும் முன்பணம், கட்டிய தவணைகள், வீடு மூன்றும் போய்விடும். சிவப்புப் பகுதிக்கு எந்த வங்கியும் கடன் தராததால் அவருக்கு வேறு வழியே இருக்கவில்லை.

இன அடிப்படையிலான சலுகை என்றால் என்ன என்று உங்கள் வட்டத்தில் யாராவது கேட்டால், லெவிட்டவுன் வீட்டுப் பத்திரத்தையும் கிளைட் ராஸின் ஒப்பந்தத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள் என்பதுதான் என் யோசனை.


மாலைப்பள்ளி எழுதியது:

கடன்பிரிவு ஐயா எழுதியதை நன்றியோடு படித்தேன். அவர் சொல்லும் நூல் அவசியமானது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனாலும் டிஆஞ்சலோ போன்றவர்களை ஒதுக்கிவிட்டுப் பத்திரங்களை மட்டும் பார்த்தால் போதும் என்ற முடிவுக்கு நாம் வந்துவிடக் கூடாது என்று நினைக்கிறேன்.

இந்த விவாதத்தைப் பொதுவெளிக்குக் கொண்டுவந்ததில் பெக்கி மெக்கின்டாஷின் கட்டுரைக்குப் பெரும் பங்கு உண்டு. வெல்லெஸ்லி கல்லூரியில் பெண்ணிய ஆய்வில் ஈடுபட்டிருந்த அவர், ஆண்கள் தமக்குக் கிடைக்கும் சலுகையை ஏன் காண மறுக்கிறார்கள் என்று யோசிக்கத் தொடங்கி, அதே கேள்வியை ஒரு வெள்ளைப் பெண்ணாகத் தன்னிடமே கேட்டுக்கொண்டார். 1988இல் அவர் வெளியிட்ட ஆய்வுத்தாளில் தன் அன்றாட வாழ்விலிருந்து 46 சலுகைகளை வரிசைப்படுத்தினார். கடைக்குப் போனால் யாரும் தன்னைச் சந்தேகத்தோடு பின்தொடர மாட்டார்கள் என்பது அவற்றில் ஒன்று. காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரி, 'தோல் நிறம்' என்ற பெயரில் தன் தோலின் நிறத்திலேயே கிடைக்கிறது என்பது இன்னொன்று. அடுத்த ஆண்டு சுருங்கிய வடிவில் வெளிவந்தபோது அந்தக் கட்டுரை உலகெங்கும் வகுப்பறைகளுக்குப் போய்ச் சேர்ந்தது.

பிளாஸ்திரியை வீட்டுப் பத்திரத்தோடு ஒப்பிட முடியாது என்று நீங்கள் சொல்லலாம். ஆனால் ஒருவருக்குத் தன் வாழ்க்கையில் தடையே இல்லாமல் நடந்த காரியம் நினைவில் நிற்பதில்லை. அவரிடம் 1934ஆம் ஆண்டுச் சட்டத்தைக் காட்டினால், அது தாத்தா காலத்துக் கதை, நான் என் உழைப்பால் முன்னேறினேன் என்பார். அன்றைக்குக் காலையில் கடையில் நடந்ததைக் காட்டினால்தான், அந்த வரலாறு இன்னும் முடியவில்லை என்பது அவருக்கு உறைக்கும். நான் ஆசிரியை. வகுப்பறையில் சட்டத்தின் ஆண்டைச் சொல்லும்போது தலையாட்டிவிட்டு மறந்துபோகும் மாணவர்கள், கடைக்காரர் யாரைப் பின்தொடர்கிறார் என்று கேட்டவுடன் நிமிர்ந்து உட்கார்வதைப் பார்த்திருக்கிறேன்.

உங்கள் வட்டத்தில் கதை விரும்பிகள் இருந்தால் நெல்லா லார்சன் 1929இல் எழுதிய 'பாஸிங்' என்ற சிறு நாவலைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஐரீன், கிளேர் இருவரும் வெள்ளையராகவே கருதப்படும் அளவுக்கு வெளுத்த நிறம் கொண்ட கறுப்பினப் பெண்கள். ஐரீன் ஒரு கடும் கோடை நாளில் மயக்கம் வரும் நிலையில் சிகாகோவில் ஒரு விடுதியின் மொட்டைமாடி உணவகத்துக்குப் போய்த் தேநீர் குடிக்கிறாள். எதிரே ஒரு பெண் தன்னை உற்றுப் பார்ப்பதைக் கண்டவுடன், தான் யாரென்று தெரிந்துவிட்டதோ என்று அவளுக்கு உள்ளுக்குள் நடுக்கம் எடுக்கிறது. உற்றுப் பார்த்தவள் கிளேர். கறுப்பினத்தவரை வெறுக்கும் ஒரு வெள்ளையனை, தன் பிறப்பை மறைத்து மணந்துகொண்டவள். வெயிலுக்கு ஒதுங்கிக் குளிர்ந்த காற்றில் ஒரு கோப்பைத் தேநீர் குடிப்பதுகூடச் சலுகைதான் என்பதை, எந்த விளக்கமும் சொல்லாமல் அந்த ஒரு காட்சி காட்டிவிடுகிறது. ஓரிரு நாளில் படித்துவிடலாம்.


புதுவாசகன் எழுதியது:

பெரியவர்கள் பேசும் இடத்தில் ஒரு சந்தேகத்தைக் கேட்டுக்கொள்கிறேன். அமெரிக்காவில் வறுமையில் வாடும் வெள்ளையர்களும் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். நிலக்கரிச் சுரங்கத்தில் நுரையீரல் கெட்டுப் போனவரிடம் போய், உங்களுக்கு நிறத்தால் சலுகை இருக்கிறது என்று எப்படிச் சொல்வது? இந்த நூல்கள் அதற்கு என்ன பதில் தருகின்றன?


கடன்பிரிவு எழுதியது:

நல்ல கேள்வி, தம்பி. இதற்குப் பதில் 1935லேயே எழுதப்பட்டுவிட்டது. கறுப்பின அறிஞரான டபிள்யூ. இ. பி. டு பாய்ஸ் தம்முடைய 'பிளாக் ரீகன்ஸ்ட்ரக்ஷன்' நூலில், தென்மாநிலங்களின் வெள்ளைத் தொழிலாளர்கள் குறைந்த கூலி வாங்கியபோதிலும் அதோடு சேர்த்துப் பொதுவெளியிலும் மனத்தளவிலும் இன்னொரு கூலியையும் பெற்றார்கள் என்று எழுதினார். வெள்ளையர் என்பதால் அவர்களுக்கு மரியாதை கிடைத்தது. பூங்காக்களிலும் நல்ல பள்ளிகளிலும் இடம் கிடைத்தது. காவலர்கள் அவர்களிடையே இருந்து வந்தார்கள். நீதிமன்றங்கள் அவர்களிடம் தயவு காட்டின. இந்த இரண்டாவது கூலி கையில் இருந்ததால், பக்கத்தில் அதே வேலையைச் செய்யும் கறுப்பினத் தொழிலாளியோடு கைகோத்து முதல் கூலியை உயர்த்திக் கேட்க அவர்களுக்குத் தோன்றவில்லை. அந்தச் சுரங்கத் தொழிலாளியின் துன்பத்தை டு பாய்ஸ் மறுக்கவே இல்லை. அந்தத் துன்பம் நீடித்ததற்கே நிறப் பிரிவினை ஒரு காரணம் என்கிறார்.

ஐரா காட்ஸ்நெல்சன் 2005இல் எழுதிய 'வென் அஃபர்மேட்டிவ் ஆக்ஷன் வாஸ் வொயிட்' இதை அரசுத் திட்டங்களின் வழியாகக் காட்டுகிறது. 1935ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டம் விவசாயத் தொழிலாளர்களையும் வீட்டு வேலை செய்வோரையும் ஓய்வூதியத்திலிருந்து விலக்கியது. சட்டத்தில் நிறத்தைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. ஆனால் அன்றைய கறுப்பினத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் செய்துவந்தவை அந்த இரண்டு வேலைகள்தாம். 1944இல் போர் வீரர்களுக்கான நலச் சட்டம் வந்தது. அதைச் செயல்படுத்தும் பொறுப்பு உள்ளூர் அதிகாரிகளிடமும் வங்கிகளிடமும் விடப்பட்டது. 1947இல் மிசிசிப்பி மாநிலத்தில் அரசு உத்தரவாதத்தோடு வழங்கப்பட்ட 3,200க்கும் மேற்பட்ட வீடு, தொழில், பண்ணைக் கடன்களில் கறுப்பின வீரர்களுக்குக் கிடைத்தவை இரண்டே இரண்டு. ஏழை வெள்ளை வீரர் ஏழையாகத்தான் ஊர் திரும்பினார். ஆனால் வங்கிக் கதவு அவருக்குத் திறந்தது.


தேம்ஸ்தமிழ் எழுதியது:

லண்டனில் இருந்து எழுதுகிறேன். எல்லோரும் அமெரிக்காவையே பேசுவதால் ஒரு பிரித்தானிய நூலையும் முன்வைக்கிறேன். ரெனி எடோ-லாட்ஜ் 2014இல் தன் வலைப்பதிவில் எழுதிய ஒரு சிறு பதிவு, 2017இல் 'வை ஐயம் நோ லாங்கர் டாக்கிங் டு வொயிட் பீப்பிள் அபவுட் ரேஸ்' என்ற நூலாக விரிந்தது. 2020 ஜூனில் அது பிரித்தானிய விற்பனைப் பட்டியலில் முதலிடத்தைப் பிடித்தது. பிரித்தானியக் கறுப்பின எழுத்தாளர் ஒருவருக்கு அந்த இடம் கிடைத்தது அதுவே முதல் தடவை.

அமெரிக்காவில் அடிமைமுறை இருந்தது, இங்கே அப்படியொன்றும் நடக்கவில்லை என்ற நினைப்பு இந்த நாட்டில் பரவலாக இருக்கிறது. அதனாலேயே அவர் வரலாற்றிலிருந்து தொடங்குகிறார். பிரிஸ்டல் நகரில் பேருந்து நிறுவனம் கறுப்பினத்தவரையும் ஆசியரையும் ஓட்டுநர், நடத்துநர் வேலைகளுக்கு எடுக்க மறுத்தது. 1963இல் பால் ஸ்டீஃபன்சன் முதலானோர் பேருந்துப் புறக்கணிப்பை நடத்தினார்கள். நிறத்தடை நீக்கப்பட்ட ஆகஸ்ட் 28, வாஷிங்டனில் மார்ட்டின் லூதர் கிங் தம் புகழ்பெற்ற உரையை ஆற்றிய அதே நாள். தடை நீங்கிய பின் முதலில் வேலைக்குச் சேர்ந்த வெள்ளையரல்லாத நடத்துநர் ரக்பீர் சிங் என்ற சீக்கியர். நிறுவனம் மட்டுமன்றி அங்கிருந்த தொழிற்சங்கத்தாரும் இந்தத் தடையை ஆதரித்தார்கள் என்பதை, சற்று முன் கேள்வி கேட்ட தம்பிக்காகக் குறிப்பிடுகிறேன்.

1993இல் லண்டன் எல்தம் பகுதியில் பேருந்துக்காகக் காத்திருந்த ஸ்டீஃபன் லாரன்ஸ் என்ற கறுப்பின இளைஞர் வெள்ளையின இளைஞர் கும்பலால் குத்திக் கொல்லப்பட்டதையும் அவர் விரிவாக எழுதுகிறார். அந்தக் கொலை வழக்கைக் காவல்துறை கையாண்ட விதத்தை ஆராய்ந்து 1999இல் வெளிவந்த மக்ஃபெர்சன் அறிக்கை, லண்டன் மாநகரக் காவல்துறையில் நிறுவனமயமான இனவாதம் இருக்கிறது என்று பதிவு செய்தது. கொலையாளிகளில் இருவருக்குத் தண்டனை கிடைத்தது 2012இல்தான். 19 ஆண்டுகள் அந்தப் பெற்றோர் நீதிக்காக அலைந்தார்கள். அதே நகரத்தில் தம் பிள்ளையைப் பேருந்து நிறுத்தத்துக்கு அனுப்பிவிட்டுக் கவலையின்றி இருக்க முடிந்த மற்றப் பெற்றோரின் நிம்மதியைத்தான் நூலாசிரியர் சலுகை என்கிறார். இரண்டு பிள்ளைகளை இந்த நகரத்தில் வளர்த்த எனக்கு அந்த அத்தியாயத்தைத் தொடர்ச்சியாகப் படிக்க இயலவில்லை. மூடி வைத்துவிட்டுப் பிறகுதான் தொடர்ந்தேன்.


அகவல் எழுதியது:

இந்தியர்கள் நேரடியாகச் சம்பந்தப்பட்ட ஒரு வழக்கு இந்த வரலாற்றில் உண்டு. அதை விவாதிக்க இயன் ஹேனி லோப்பஸ் 1996இல் எழுதிய 'வொயிட் பை லா' உதவும். 1790ஆம் ஆண்டுச் சட்டப்படி, வெளிநாட்டிலிருந்து வந்து குடியேறியவர்களில் அடிமையல்லாத வெள்ளையரே அமெரிக்கக் குடியுரிமை பெற முடிந்தது. அதனால் வெள்ளையர் யார் என்று நீதிமன்றங்கள் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. 1922இல் தகாவோ ஒசாவா என்ற ஜப்பானியர் தம் வெளிறிய நிறத்தைக் காட்டி வழக்காடியபோது, வெள்ளையர் என்றால் காக்கேசிய இனத்தவர், நிறம் அளவுகோல் ஆகாது என்றது உச்ச நீதிமன்றம். சில மாதங்களில், 1923 பிப்ரவரியில், பகத் சிங் திந்த் என்ற பஞ்சாபியரின் வழக்கில் தீர்ப்பு வந்தது. முதல் உலகப் போரின்போது அமெரிக்க ராணுவத்தில் பணியாற்றிய அவர், வட இந்தியரையும் காக்கேசியரில் சேர்த்த அன்றைய இன வகைப்பாட்டு அறிவியல்படி தாமும் காக்கேசியரே என்று வாதிட்டார். அதே நீதிபதி சதர்லாண்ட் இந்த முறை, அறிவியல் என்ன சொன்னாலும் சாதாரண மனிதர் புரிந்துகொள்ளும் பொருளில் இவர் வெள்ளையர் அல்லர் என்று எழுதினார். அதன்பின் பல இந்தியர்களின் குடியுரிமை பறிக்கப்பட்டது. சான் ஃபிரான்சிஸ்கோவில் கடை வைத்திருந்த வைஷ்ணோ தாஸ் பகாய் அப்படி நாடற்றவராகி 1928இல் தற்கொலை செய்துகொண்டார்.

இந்த வழக்கில் என்னைப் பெரிதும் கலங்க வைத்தது திந்த் தரப்பின் வாதம். தாம் உயர்சாதி ஆரியக் குருதி உடையவர் என்றும், அமெரிக்க வெள்ளையர் கறுப்பினத்தவரோடு மணவுறவை எப்படிக் கருதுகிறாரோ அப்படியே உயர்சாதி இந்தியரும் பூர்வகுடிகளைக் கருதுகிறார் என்றும் எழுதிக் கொடுத்தார்கள். ஒரு நாட்டில் ஒடுக்கப்படும் நிலையில் இருந்தவர், தம் நாட்டில் பிறரை ஒடுக்கும் உரிமையைத் தகுதிச் சான்றாக நீட்டினார். அந்தச் சான்றைச் சமர்ப்பிப்பதில் அவருக்கு எந்தத் தயக்கமும் இருந்ததாகத் தெரியவில்லை.

இந்த ஒப்புமையை எதிர்த்திசையிலிருந்து பார்த்தவர்களும் நம்மிடையே இருந்தார்கள். சாதி எதிர்ப்புச் சீர்திருத்தவாதி ஜோதிராவ் புலே 1873இல் வெளியிட்ட 'குலாம்கிரி' ('அடிமைத்தனம்') என்ற நூலை, கறுப்பின அடிமைகளின் விடுதலைக்காகப் பாடுபட்ட அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார். கறுப்பின மக்களின் சார்பில் ஐக்கிய நாடுகள் அவைக்கு அனுப்பப்பட்ட மனுவைப் பற்றிக் கேட்டு அம்பேத்கர் 1946இல் டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். டு பாய்ஸ் பதிலும் எழுதினார். 1959இல் இந்தியா வந்த மார்ட்டின் லூதர் கிங், திருவனந்தபுரத்தில் தாழ்த்தப்பட்ட வகுப்புப் பிள்ளைகள் படித்த பள்ளி ஒன்றுக்குச் சென்றபோது, அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் நம்மைப் போன்ற தீண்டத்தகாதவர் என்று தலைமையாசிரியர் அவரை அறிமுகப்படுத்தினார். முதலில் அதிர்ச்சியுற்றாலும், யோசித்துப் பார்த்தபோது அது உண்மை என்று உணர்ந்ததாகக் கிங் பின்னாளில் சொன்னார். வில்கர்சன் 2020இல் எழுதிய 'காஸ்ட்' நூலில் இந்த நிகழ்ச்சி வருகிறது. சாதியின் பொருளாதார அடித்தளத்தை அந்த நூல் போதிய அளவு தொடவில்லை என்பது என் குறை. ஆனால் மதுரையில் கூடும் ஒரு வாசகர் வட்டம் இந்தப் பொருளைப் பேசும்போது, அமெரிக்க வெள்ளையரின் சலுகையை மட்டும் தொலைவிலிருந்து பார்த்துவிட்டு எழுந்து போக முடியாது. கூட்டத்தில் இருப்பவர்களின் பாட்டன்மார் எந்தத் தெருவில் வீடு கட்டிக்கொள்ள முடிந்தது, எந்தத் தெருவில் செருப்பணிந்து நடக்க முடிந்தது என்ற கேள்வியையும் அங்கே யாராவது எழுப்பத்தான் வேண்டும்.


வைகைக்கரை எழுதியது:

இத்தனை அக்கறையோடு எழுதிய எல்லோருக்கும் என் நன்றி. கடன்பிரிவு ஐயா சொன்ன 'தி கலர் ஆஃப் லா'வையே எடுக்க முடிவு செய்திருக்கிறேன். மாலைப்பள்ளி அவர்கள் சொன்னதை ஏற்று, கூட்டத்தின் தொடக்கத்தில் மெக்கின்டாஷின் சிறு கட்டுரையை வாசித்துவிட்டு நூலுக்குள் போகலாம் என்று நினைக்கிறேன். திந்த் வழக்கை ஒரு மாணவரிடம் கொடுத்துப் பேசச் சொல்லப்போகிறேன். அகவல் அவர்கள் எழுப்பச் சொன்ன கேள்வியை நானே எழுப்புகிறேன். எடோ-லாட்ஜின் நூலை என் சொந்த வாசிப்புக்கு வைத்துக்கொள்கிறேன். ராத்ஸ்டீனின் நூலில் அடிக்குறிப்புகள் மிகுதி என்று கேள்விப்பட்டேன். ஒரு மாதத்துக்குள் எல்லோரும் முழுவதும் படிக்க முடியாவிட்டால் எந்தப் பகுதிகளை அவசியம் படிக்கச் சொல்லலாம்?


கடன்பிரிவு எழுதியது:

மகிழ்ச்சி. முதல் அத்தியாயத்தை யாரும் விட்டுவிடக் கூடாது. கலிஃபோர்னியாவில் ஃபோர்டு கார்த் தொழிற்சாலை ரிச்மண்டிலிருந்து மில்பிடாஸுக்கு மாறியபோது, வேலையைத் தொடர விரும்பிய கறுப்பினத் தொழிலாளர்களுக்குப் புதிய இடத்துக்கு அருகில் வீடு கிடைக்காமல் போனதை ஃபிராங்க் ஸ்டீவன்சன் என்பவரின் வாழ்க்கை வழியாக அதில் சொல்லியிருக்கிறார். அடுத்து, வீட்டுக் கடன் உத்தரவாதம் பற்றிய நான்காவது அத்தியாயம். பிறகு ஒன்பதாவது, 1957இல் பென்சில்வேனியாவின் லெவிட்டவுனில் குடியேறிய மையர்ஸ் குடும்பத்தின் வீட்டுமுன் கும்பல் கூடிக் கல்லெறிந்ததும், காவல்துறை அதைத் தடுக்கத் தவறியதும் அதில் வருகின்றன. ஏழாவது அத்தியாயம் வருமான வரித்துறையையும் ஒழுங்குமுறை அமைப்புகளையும் பற்றியது. நேரம் இல்லாதவர்கள் அதைப் பிறகு படித்துக்கொள்ளலாம். நூலின் இறுதியில், வாசகர்கள் வழக்கமாக எழுப்பும் ஆட்சேபங்களுக்குக் கேள்வி-பதில் வடிவில் விடை கொடுத்திருக்கிறார். கூட்டத்தை நடத்துபவர் அதை மட்டுமாவது முன்கூட்டியே படித்துவைத்துக்கொள்வது நல்லது. எங்கள் தாத்தா எந்த வீட்டையும் யாரிடமிருந்தும் பறிக்கவில்லையே என்ற கேள்வி அங்கேயும் வருகிறது, உங்கள் கூட்டத்திலும் வரும்.